நீல மூடி டப்பா

தட்டை மாற்றி அனுப்பியது நான்தான். வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் தலையில் பழியைப் போட்டே பழகிவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே சுமந்துவருகிறார். இங்காவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் எடுத்துக் கொடுத்த தட்டைத்தான் அவர் கொண்டுபோனார்.

நான் அப்போது ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை விரல் நிற்காது. அப்படியும் ஒரு தாளில்கூட ஒயிட்னர் தடவ விடமாட்டேன். அந்தத் திமிர் வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. துவரம்பருப்பு எந்த டின்னில், மகளின் சாக்ஸ் எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அடுத்தவர் தவறைக் கண்டுபிடிப்பதில் எனக்கிருந்த சுறுசுறுப்பை என் வீட்டுக்காரர் ஆபீஸ் வியாதி என்பார். நான் அதைக் கோபமாக எடுத்துக்கொண்டதில்லை, பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, புதிதாகப் பிரித்த மனையில் இரண்டு அறை வீடு கட்டிக் குடிவந்தோம். அவர் பம்பு கம்பெனியில் லேத்து ஓட்டும் டர்னர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் கூலிக்குப் பாடுபட்டவர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது தோட்டத்துக்காரர் வீடு. நாங்கள் வீடு கட்டிய மனையே ஒரு காலத்தில் அவர்கள் சோளம் விதைத்த காடுதான். விற்றது போக மிச்சமிருந்த நிலத்தில் சின்னதாக இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்று நடத்தினார்கள். அந்த வீட்டு மருமகளைத்தான் நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வராத நாட்களில் அவர்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை ஹோஸ் போட்டு மதிலைத் தாண்டி எங்கள் தொட்டிக்கு விடுவார். நாங்கள் கேட்கும் வரை காத்திருக்க மாட்டார்.

குடிவந்த வருடமே தீபாவளியன்று அக்கா வாழையிலை போட்ட தட்டில் கச்சாயமும் முறுக்கும் கொண்டுவந்தார். கச்சாயம் என்றால் வெல்லப்பாகில் அரிசிமாவு போட்டுக் கிளறி எண்ணெயில் சுடுவது, எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் பண்டிகை இல்லை. தட்டின் ஓரத்தில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அது என் கண்ணில் பட்டது.

"சாமிக்குப் படைச்சதுங்களாக்கா?"

"ஆமாங்க அம்மணி. படைச்சுப்போட்டு மொத ஊடா உங்கூட்டுக்குத்தான் கொண்டாரேன்."

"நாங்க வேதக்காரங்க, படைச்சது சாப்பிட மாட்டோமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

அக்கா தட்டோரத்துச் செவ்வந்தி இதழைப் பார்த்தார். பிறகு, "அப்படீங்களா" என்று தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, சும்மா வாங்கி வெச்சிருக்கலாமல்ல?"

"வாங்கி வெச்சு என்ன பண்றதுங்க? தூக்கிக் கொட்டறதா? அந்தப் பொய்யி எனக்கு ஆகாது."

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அடுத்தவர் பண்டத்தை முகத்துக்கு நேராகச் சிரித்து வாங்கிவிட்டுப் பின்பக்கம் மாட்டுத் தொட்டியில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பண்டமும் அப்படிப் போயிருக்கிறது. அதைவிட வேண்டாம் என்று சொல்வது மரியாதை என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த மூன்று நாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சே வரவில்லை. துணி காயப்போடும்போது நான் மதிலை எட்டி எட்டிப் பார்த்ததையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் அக்கா ஒன்றும் நடக்காததுபோல் கறிவேப்பிலை கேட்டு வந்தார். நானும் ஒன்றும் நடக்காததுபோல் பறித்துக் கொடுத்தேன்.

அடுத்த வருடத் தீபாவளி காலையில், நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு மேலே ஒரு கை தெரிந்தது. கையில் நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா.

"ஏனுங்க அம்மணி, இது சாமிகிட்டப் போகலீங்க. தனியா எடுத்தது. நம்பிச் சாப்பிடுங்க."

திறந்தால் கச்சாயம், தொட முடியாத சூடு. என் மகள் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதைப் பாவாடைக்குள் ஒளித்தாள். அன்று முதல் தீபாவளி, பொங்கல் என்றால் நீல மூடி டப்பா வந்துவிடும். படையலுக்கு முன்னால் எங்களுக்காக ஒரு கை அள்ளி வைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். நல்ல மனசு, நமக்காக ஞாபகம் வைத்து எடுத்துவைக்கிறாரே என்று நன்றியாகவும் இருந்தது. வெறும் டப்பாவைத் திருப்பக் கூடாது என்பதால் அதில் சர்க்கரை நிரப்பிக் கொடுப்பேன்.

எங்கள் வீட்டில் மாலை ஜெபத்தில் ஆளுக்கு ஒரு காரியத்துக்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் எப்போதும் சுகத்துக்காகச் சொல்வார். நான் வேலைக்காக, வீட்டுக்காக என்று பெரிய பெரிய விஷயங்களாகச் சொல்வேன். என் மகள் மட்டும், பண்டிகை போய் ஒரு மாதம் ஆனாலும், "நீல டப்பாவுக்காக ஸ்தோத்திரம்" என்பாள். கண்ணை மூடியிருக்கும் என் வீட்டுக்காரரின் தோள் சிரிப்பில் குலுங்கும்.

கிறிஸ்துமஸ் வந்தால் நான் அச்சு முறுக்கு சுடுவேன். என் கைக்கு அது நன்றாக வரும், அடக்கமாகச் சொல்ல என்னால் முடியாது. முதல் கிறிஸ்துமஸிலேயே அக்காவுக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்தேன். வீட்டுக்காரர் அதை மெதுவாக நகர்த்திவைத்தார்.

"அவங்க ஊட்டுக்குச் சமைச்சது வேண்டாம் புள்ள. பழம் குடுத்துரலாம்."

"ஏனுங்க?"

"எங்கப்பன் ஆத்தா பண்ணயத்துல கெடந்தவங்க. எனக்குத் தெரியாதா? நம்ம அடுப்புல வெந்ததை அவங்க திங்க மாட்டாங்க. வேண்டாம்னு சொல்லவும் சங்கடப்படுவாங்க. எதுக்கு அவங்களைச் சங்கடப்படுத்தோணும்?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் அவிநாசித் தோட்டத்து வீட்டுப் பின்வாசலில் நின்று பொங்கலைத் துண்டில் வாங்கிக்கொண்டு போனதை ஒரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் சுருசுருவென்று வந்தது. ஆனால் கோபத்தையும் மீறி ஒரு பயம் இருந்தது. ஒருவேளை அக்காவும் சிரித்து வாங்கிக்கொண்டு மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டால்? அதை மட்டும் நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. அக்காவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆகவே ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி அனுப்பினேன். அதற்குப் பிறகு எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் அக்கா வீட்டுக்குப் பழம், மற்ற வீடுகளுக்குப் பலகாரம் என்று ஆகிவிட்டது.

ஐந்தாவது கிறிஸ்துமஸில்தான் என் ஆபீஸ் மூளை காலை வாரியது. அதுவரை தட்டுகளைச் செய்தித்தாள் போட்டு மூடி அனுப்புவேன். அந்த வருடம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று, ஓரத்தில் ரோஜாப்பூப் பின்னிய வெள்ளைத் துணிகள் ஐந்து தைத்து வைத்திருந்தேன். ஐந்து எவர்சில்வர் தட்டு, ஐந்து துணி. வரிசையாக மேஜை மேல் வைத்துவிட்டு நின்று அழகு பார்த்தேன். அதிகாலை ஆராதனை முடிந்து வந்த களைப்பு வேறு. "இது பக்கத்து ஊட்டுக்குங்க" என்று ஒரு தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் போய்க் கொடுத்துவிட்டு வந்து, புதுச் சட்டை கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்று வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசித் தட்டு தெருமுனையில் இருந்த பஸ் கண்டக்டர் வீட்டுக்கு. தூக்கும்போதே கனமாக இருந்தது. துணியை விலக்கினால் நான்கு ஆப்பிள், நான்கு ஆரஞ்சு.

அப்படியானால் அச்சு முறுக்கு அக்கா வீட்டில் இருக்கிறது. அதுவும் முட்டை போட்டது. அதுவும் மார்கழியில். அவர்கள் பழக்கம் என்ன, விரதம் என்ன என்று எதுவும் எனக்குத் தெரியாது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்ததை நானே போய் அவர்கள் வாசலில் திறந்து வைத்துவிட்டேனே என்று இருந்தது. இனி நீல டப்பா வருமா? வந்தாலும் பழைய மாதிரி வருமா?

"போய்த் திருப்பி வாங்கிட்டு வந்தர்றேன்" என்று பழத்தட்டைத் தூக்கிக்கொண்டேன்.

"வேண்டாம் புள்ள, உட்ரு" என்றார் அவர். முகம் சுண்டிப்போயிருந்தது. நான் கேட்கவில்லை.

அக்காவின் மாமனார் முன்பக்க வராண்டாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வா அம்மணி. உன்ற ஊட்டுக்காரன் இப்பத்தான் தட்டைக் குடுத்துப்போட்டுப் போனான், உள்ளாற போ" என்றார். துணிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை எனத் தெரிந்ததும் பாதி உயிர் வந்தது. நேராகச் சமையலறைக்குப் போனேன்.

அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் என் தட்டு. ரோஜாப்பூத் துணி பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. அவர் கையில் பாதி அச்சு முறுக்கு, மீதிப் பாதி வாயில்.

"அக்கா, தட்டு மாறிப்போச்சுங்க. உங்களுக்கு வெச்சது இதுதானுங்க" என்று பழத்தை நீட்டினேன்.

அவர் மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார். "இருக்கட்டும் வெய்யுங்க."

"இல்லீங்க, அதைக் குடுத்துருங்க. அதுல முட்டை போட்டிருக்குதுங்க."

"அதானா இத்தனை மொறுமொறுன்னு இருக்குது?" இன்னொன்றை எடுத்தார்.

நான் கையை நீட்டினேன். அவர் தட்டை முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார். "குடுத்துப்போட்டுத் திருப்பிக் கேக்கறது என்ன பழக்கமுங்க அம்மணி?"

"நாங்க சமைச்சதை நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு..."

"ஆரு சொன்னது?"

என் வீட்டுக்காரர் பேரை இழுக்க மனம் வரவில்லை. "ஆரும் சொல்லலீங்க" என்றேன்.

"அப்ப நீங்களே முடிவு கட்டிக்கிட்டீங்க." அவர் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "நாலு வருசமா ஆப்பிளும் ஆரஞ்சும் வருது. நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? நாங்க படைச்சது உங்களுக்கு ஆகாதுங்கறாப்பல, உங்க பண்டிகைப் பலகாரத்தை எங்களாட்டம் சாமி கும்புடறவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு உங்க வேதத்துல இருக்குதோ என்னமோன்னு நெனச்சேன். செரி, அவங்க கட்டுப்பாடு அவங்களுக்குன்னு உட்டுட்டேன். ஆனா நீங்க பலகாரம் சுடற அன்னைக்கு மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க. வாசம் ஆளைத் தூக்குமுங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எங்கள் வேதத்தில் அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. அந்த வரியை எழுதியது என் வீட்டுக்காரரின் பழைய காயமும் என் பயமும்தான்.

"மாமா தொட மாட்டாரு. அது நெசந்தான், நான் மறைக்கலீங்க" என்றார் அக்கா. "எங்கூட்டுக்காரரு டவுனுக்குப் போனா எல்லா எடத்துலயும் திம்பாரு, ஊட்டுல மட்டும் யோசனை பண்ணுவாரு. அது அவங்களோட. ஆனா என்னைய ஆரு கேட்டா?"

பிறகு ஒரு விரலால் தட்டிலிருந்த தூளைக் கூட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க மொத வருசம் வேண்டாம்னு சொன்னப்ப எனக்கு மூஞ்சில அடிச்சாப்பல இருந்துச்சு. மூணு நாளு பேசக் கூடாதுன்னு இருந்தேன். அப்பறந்தான், இந்தம்மணி நேருக்கு நேரா சொல்லுச்சு, வாங்கிப் போட்டுப் பின்னால கொட்டலைன்னு தோணுச்சு. நேரா இருக்கறவங்களுக்கு நாமளும் நேரா செய்யோணும்னு தீர்மானம் பண்ணினேன். சாமிக்கு வெக்கற மாவுல முன்னால கை போடக் கூடாதுங்க. போட்டா அது எச்சிலாட்டம். அதனால உங்களுக்குன்னு தனிப் பாகு, தனி மாவு. தனியா எண்ணெச் சட்டி வெச்சுச் சுட்டுப்போட்டு, அப்பறம் அடுப்பைக் கழுவித்தான் சாமிக்குச் சுடறது. தீவாளிக்குத் தீவாளி மாமா சத்தம் போடுவாரு, 'சாமிக்கு முந்தி ஆருக்கு அடுப்புப் பத்த வெக்கற'ன்னு."

ஒரு கை அள்ளி எடுத்துவைத்தது என்றல்லவா நினைத்திருந்தேன்! விடியும் முன்னே எழுந்து, வீட்டுப் பெரியவரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, தன் சாமியையே காக்க வைத்து எங்களுக்குச் சுட்டிருக்கிறார். நானோ சர்க்கரையை நிரப்பிக் கணக்கு நேர் என்று டப்பாவைத் திருப்பியிருக்கிறேன்.

"உங்களுக்குன்னு நான் ஒரு டப்பா வெச்சேன்" என்றார் அக்கா. "எனக்குன்னு ஒண்ணு வெக்கோணும்னு உங்களுக்குத் தோணலீங்களே அம்மணி."

அந்த நேரத்தில்தான் வராண்டாவிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. "ஏனம்மணி, என்னமோ மொறுக்கு மொறுக்குன்னு சத்தம் கேக்குது. ஆரு ஊட்டுப் பலகாரம்?"

அக்கா எழுந்தார். வாயைத் துடைக்கவில்லை. தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடை வரைக்கும் போய் நின்று சொன்னார்.

"பக்கத்து ஊட்டுப் பண்டிகைப் பலகாரமுங்க மாமா. எனக்கு வந்தது."

வராண்டாவில் பேப்பர் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அக்கா திரும்பி வந்து, "பண்டிகை நாளும் அதுவுமா இதென்னங்க" என்று அதட்டி, என் கையில் என் அச்சு முறுக்கையே ஒன்று கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

"திருப்பி வாங்கிட்டியா?"

"குடுக்க மாட்டேங்கறாங்க."

"ஏனாம்?"

"தின்னுட்டிருக்காங்க."

"அச்சு முறுக்கையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உன்ற கூட உக்காந்தா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்று தின்றேன் என்றேன். அவர் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினார். அன்று மாலை ஜெபத்தில் என் முறை வந்தபோது எனக்குப் பெரிய விஷயம் ஒன்றும் வாயில் வரவில்லை. மகள் சொல்வதையே நானும் சொன்னேன். மகள் கண்ணைத் திறந்து, தன்னுடையதை நான் எடுத்துக்கொண்டதாக முறைத்தாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்னால் சிவப்பு மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கினேன். ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. இந்தமுறை நானாக முடிவு கட்டாமல் மதிலருகே போய்க் கேட்டுவிட்டேன்.

"அக்கா, நாங்க பலகாரத்தை வெச்சு ஜெபம் பண்ணிப்போட்டுத்தான் ஆருக்கும் குடுப்போம். உங்களுக்கு ஜெபம் பண்ணாம எடுத்து வெக்கட்டுங்களா?"

அக்கா ஈரத் துணியை உதறிக்கொண்டே சிரித்தார். "நீங்க படைச்சதைத் திங்க மாட்டீங்க. அது உங்களுக்கும் உங்க சாமிக்கும் உள்ளது. எனக்கு எந்தச் சாமியும் அப்பிடிச் சொல்லலீங்க. ஜெபம் பண்ணியே குடுங்க. அதுல என் பேரையும் ஒருக்காச் சேத்துச் சொல்லுங்க."

பெரியவர் கடைசி வரை எங்கள் பலகாரத்தைத் தொடவில்லை. நானும் இன்றுவரை படைத்ததை உண்பதில்லை. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் அக்காவுக்கென்று தனியாக மாவு கரைத்தேன். முதல் சட்டி அவருக்காக வைத்தேன். சுட்டு அடுக்கிய டப்பாவை நடுவில் வைத்து மூன்று பேரும் கண்ணை மூடினோம். அக்காவின் பேரைச் சத்தமாகச் சொன்னது என் வீட்டுக்காரர். பிறகு அவரே டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் யாரும் ஒரு முறுக்கைக்கூட வாயில் வைக்கவில்லை.